மூன்று முறை அலசிய தட்டு

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நர்சரி ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் என்ன எழுதுவாள் என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நேரத்துக்கு வாருங்கள், கை கழுவிவிட்டு விதையைத் தொடுங்கள், கவனமாக இருங்கள். அதெல்லாம் சுவரில் பலகையிலேயே இருக்கிறது. நான் வேறு ஒன்றை எழுதுகிறேன். நாற்று அறையில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

நாற்று அறையில் ஒவ்வொரு முறை விதைக்கும்போதும் ஒரே ஒரு குழித்தட்டு மட்டும் கடைசி அடுக்கில் தரையோரமாகத் தனியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குரிய கோகோபீட்டை, அந்தத் தேங்காய் நார்த்தூளை, தனி வாளியில் அலசுவார்கள். மற்ற தட்டுகளுக்கு உரம் மாற்றினாலும், விளக்கை இறக்கினாலும் அதை மட்டும் தொட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் பழைய ஆட்கள், "அது அக்காவோட தட்டு" என்பார்கள். சிலர் அது பிள்ளையாருக்கு விட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமமே வைத்துவிட்டாள். நான் கத்தின கத்தலில் பாவம், முந்தானையாலேயே துடைத்தாள். அது என் தட்டு இல்லை. பாக்கியத்தின் தட்டு. அவளுடைய உண்மையான பெயர் வேறு. அதை எழுத அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் முகமும் எனக்கு இல்லை.

பாக்கியம் ஜீவனஹள்ளிக்காரி. அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டில் சம்பளம் வாங்கும் கை அவளுடையது ஒன்றுதான். ஆறு வருஷமாக நாற்று அறையில் விதைப்பதும் தண்ணீர் விடுவதும் அவள் வேலை. பெட்டூனியாப் பூவின் விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மூச்சு பட்டால் பறந்துவிடும் தூசு. அதைக் குழிக்கு ஒன்றாக அவள் போடும் அழகைப் பார்ப்பதற்காகவே சில நாள் என் வேலையை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். பிரேசர் டவுனில் நான் பஸ் ஏறினால் அடுத்த ஸ்டாப்பில் அவள் ஏறுவாள். ஹென்னூர் தாண்டி நர்சரி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். பெரிய சிநேகிதிகள் என்று சொல்ல முடியாது. நான் சூப்பர்வைசர், அவள் தண்ணீர் விடுகிறவள். அந்த இடைவெளியை இரண்டு பேரும், முக்கியமாக நான், கவனமாகக் காப்பாற்றி வந்தோம்.

மழை ஏமாற்றிய வருஷம் அது. ஆயுத பூஜைக்கு முன்பே எங்கள் போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் காவேரிக் குடிநீர்க் குழாய் கிடையாது, டேங்கர்தான் கதி. டேங்கர் டிரைவரைக் கூப்பிட்டால் கன்னடத்தில் "நாளே மேடம், நாளே" என்பான். அவனுடைய நாளை வர மூன்று நாளாகும். சரியாக அந்த நேரத்தில்தான் ஜனவரி மலர்க் கண்காட்சிக்குப் பெட்டூனியா கொடுக்கப் பெரிய ஆர்டர் எடுத்திருந்தோம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து முதலாளி வந்து, "தண்ணி விஷயம் சமாளிச்சுடுவீங்களா? எக்ஸ்ட்ரா டேங்கர் வேணுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நானும் பெரிய ஆள் மாதிரி, "நான் பாத்துக்கறேன் சார்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானியுங்கள். எனக்கு அதைச் சொல்வதில் அவ்வளவு பெருமை இருந்தது.

கோகோபீட் கட்டியை ஊறவைத்து மூன்று முறை அலசவேண்டும் என்பது சட்டம். தேங்காய் நாரிலிருந்து வருவது, உப்பு இருக்கும். அது அப்போதும் பலகையில் எழுதியிருந்தது. மூன்று அலசுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்த்தேன். சின்டெக்ஸ் தொட்டியில் அரைத் தொட்டிகூட இல்லை. பெண்களைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை ஒரு அலசு போதும். முதல் வாளித் தண்ணிய வடிச்சு அடுத்த கட்டியையும் அதுலயே ஊற வைங்க" என்றேன். வாய் வார்த்தைதான். பலகையில் இருந்ததை அழிக்கவும் இல்லை, மாற்றி எழுதவும் இல்லை.

பாக்கியம் மட்டும் வாளியை விட்டு நகரவில்லை.

"அக்கா, ஒரு அலசு பத்தாதுக்கா. தண்ணி இன்னும் டீ மாரி வருது."

"வந்தா வரட்டும்."

"நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்குது."

"உன் நாக்க நம்பி நர்சரி நடத்தச் சொல்றியா? சும்னே பேசாம வேலையப் பாரு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கிண்டல் செய்தால் சிரிக்கத்தானே வேண்டும். பாக்கியமும் லேசாகச் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டர் எங்களிடம் இருந்தது. பேட்டரி தீர்ந்து மாதக்கணக்காகி மேஜை இழுப்பறையில் கிடந்தது. என் அனுபவத்துக்கு மீட்டர் எதற்கு என்று நான்தான் போட்டு வைத்திருந்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்து சில நாள் அவள் பஸ்ஸில் ஒரு பெரிய தண்ணீர் கேனோடு வந்தாள். நெளிந்துபோன, எண்ணெய் வரும் பிளாஸ்டிக் கேன். மடியில் வைத்துக்கொண்டு மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருப்பாள். நர்சரித் தண்ணீர் குடிக்க முடியாமல்தானே இருக்கிறது, வீட்டிலிருந்து காவேரித் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் என் புடவையில் கொஞ்சம் சிந்தியது. முகம் சுளித்தேன். அவள் பதறிப்போய்த் துடைத்துவிட்டாள்.

விதைகள் முளைத்தன. அதுதான் இதில் மோசம். முளைக்கவே முளைக்காத விதை என்றால் உடனே தெரிந்துவிடும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதைக்கலாம். இவை அழகாக முளைத்து, இரண்டு விதை இலையை விரித்து, அப்படியே நின்றுவிட்டன. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. அடுத்த இலை வரவே இல்லை. ஓரமெல்லாம் லேசாகப் பழுப்பு தட்டியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி கருகியிருந்தது. உயிர் இருக்கிறது, வளர்ச்சி இல்லை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் இருநூறு தட்டு அதே உயரத்தில் நிற்கும். ஒரு கட்டத்தில் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் செய்யக் கூடாததை எல்லாம் நான் செய்தேன். வெளிச்சம் பத்தவில்லை என்று டியூப்லைட்டைத் தாழ இறக்கினேன். குளிர் என்று ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினேன். பசி என்று உரத்தண்ணீர் கொடுத்தேன். உப்பில் தவித்துக்கொண்டிருந்த வேருக்கு மேலும் உப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில், எல்லாத் தட்டுக்கும். எதனால் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் செய்துவிட்டு, ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கை சும்மா இருந்தால் தலை யோசிக்க ஆரம்பித்துவிடும். யோசித்தால் "ஒரு அலசு போதும்" என்பதில் போய் நிற்கும். அதனால்தான் கையைச் சும்மா விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நாற்றைப் பார்க்க வருகிறேன் என்று முதலாளி போன் செய்த காலை, அவர் வருவதற்கு முன் அறையை ஒரு சுற்று சுற்றினேன். கடைசி அடுக்கில், தரையோரமாக, சாக்குக்குப் பின்னால் ஒரு தட்டு. குனிந்து இழுத்துப் பார்த்தேன். ஆறு இலை, எட்டு இலை விட்டு, பச்சைப்பசேலென்று, பெட்டூனியா எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. ஓரத்தில் சாக்பீஸால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. அடையாளத்துக்கு அப்படிக் கோடு போடுவது பாக்கியத்தின் பழக்கம்.

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு அடி தள்ளி நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பது. நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டாள். இதோ, ஒரு தட்டுக்கு மட்டும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறாள், மற்ற இருநூற்றையும் ஏனோதானோவென்று விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதலாளி வந்தார். அடுக்கு அடுக்காகப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னாச்சும்மா? யார் மிஸ்டேக் இது?"

நான் அந்தத் தட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். "இதப் பாருங்க சார். அதே விதை, அதே ரூம், அதே தொட்டித் தண்ணி. மனசு வச்சா இப்படி வளக்கத் தெரியுது. மத்ததுக்கெல்லாம் மனசு வைக்கல."

எல்லோரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். அவள் பூவாளியைக் கீழே வைத்தாள். முதலாளியிடம் பேசிப் பழக்கமில்லாதவள், என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தண்ணி எல்லாத்துக்கும் ஒரே மாரிதான்க்கா வுட்டேன். உரத்தண்ணி மட்டும் இதுக்கு வுடல. இதுக்கு கோகோபீட்ட வூட்லேந்து காவேரித் தண்ணி கொண்டாந்து மூணு தபா அலசினேன். நீங்க பாத்தா புரியும்னுட்டு தனியா வச்சேன்."

கேன். மடியில் இருந்த அந்தக் கேன். எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, மொத்தமாக. இருநூறு தட்டும் ஏன் நின்றன, அவள் நாக்கில் கரித்தது எது, நான் ஊற்றிய உரம் என்ன செய்தது, எல்லாம். பேசினால் கேட்கமாட்டேன் என்று தெரிந்து, எனக்குக் காட்டுவதற்காக ஒரு தட்டை வளர்த்திருக்கிறாள். அதைத்தான் நான் அவளுக்கு எதிராகத் தூக்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "எத்தனை தடவை அலசணும்?"

"மூணு சார்."

"மத்ததெல்லாம் அலசலையா?"

"மூணுன்னுதான் சார் பலகைல எழுதியிருக்கு."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் போய்ப் பார்த்தார், என் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

பாக்கியம், "அக்காதான்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். அவள் காத்திருந்தது எனக்குத் தெரியும், அதனால்தான் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் வாய் திறக்காதபோது அவர்கள் ஏன் திறக்க வேண்டும்?

"நாளைலேந்து வர வேணாம்மா" என்றார் முதலாளி. அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வீணாக்காமல் பக்கத்து அடுக்குக்கு விட்டு முடித்தாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரோ உட்கார வந்தபோது, ஆள் வராங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மறுநாள் முதலாளிக்குப் போன் செய்து, மறுபடி விதைக்கவேண்டும், டேங்கர் கூடுதலாக வேண்டும் என்றேன். "சரி, சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார், கோபமில்லாமல். இழுப்பறையிலிருந்து மீட்டரை எடுத்துப் புது பேட்டரி போட்டு, ஒரு கட்டிக்கு மூன்று அலசு, நான் பக்கத்தில் நின்று அலச வைத்தேன். நாற்று பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் கண்காட்சிக்கு நாள் பிந்திவிட்டது, அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. நாற்றெல்லாம் அபார்ட்மெண்ட்காரர்களுக்கு விற்றோம். "எப்படியோ காப்பாத்திட்டீங்க" என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பாக்கியத்துக்கு வேறு நர்சரியில் வேலை கிடைக்கவில்லை. நம் வட்டாரத்தில் ஆள் எடுக்கும் முன் பழைய இடத்துக்குப் போன் செய்து கேட்பார்கள், உங்களுக்கும் தெரியும். இரண்டு இடத்திலிருந்து எங்கள் ஆபீசுக்குப் போன் வந்ததாம். ஆபீசில் அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒரு தட்டு ஜனவரியில் பூத்தது. ஊதா நிறம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு செடியைச் சின்னத் தொட்டியில் எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். அன்று அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். வாசலில் குழாயடியில் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு அபார்ட்மெண்டில் படிக்கட்டு கழுவும் வேலை என்று வழி கேட்ட இடத்தில் சொல்லியிருந்தார்கள். கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. பெட்டூனியா விதை போட்ட விரல்.

"வாங்கக்கா" என்றாள். தொட்டியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "அந்தத் தட்டா?"

"ஆமா."

"மத்த தட்டுங்க?"

"திரும்ப வெதச்சோம். நல்லா வந்துச்சு."

குடம் நிரம்பியது. நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"அப்போ மூணு தபா அலசினீங்க" என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, "திரும்ப வந்துடு பாக்கியம். சார்கிட்ட நான் சொல்றேன்" என்றேன்.

அவள் குழாயை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னான்னு சொல்லுவீங்க?"

குடம் நிரம்பித் தண்ணீர் தரையில் ஓடியது. தண்ணீரை அப்படி ஓட விடுகிறவள் இல்லை அவள். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள், அன்று அறையில் காத்திருந்த மாதிரியே. பிறகு குழாயை மூடிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டி வாசலிலேயே இருந்தது. நான் திரும்பி வந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், இந்த விதைப்பு முடியட்டும், நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி அவர் காலமும் முடிந்துவிட்டது. எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். இன்னொரு தரம் ஜீவனஹள்ளிக்குப் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். எங்கே போனாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அவள் போனதிலிருந்துதான் ஒவ்வொரு விதைப்பிலும் ஒரு தட்டை அவள் செய்த மாதிரியே தனியாக வைக்கச் சொன்னேன். அதனால் அந்தக் கடைசித் தட்டைத் தொடாதீர்கள். நாற்று நின்றுபோனால், எதையும் மாற்றுவதற்கு முன் முதலில் அதன் முன்னால் போய்க் குனிந்து பாருங்கள். யாராவது தண்ணீர் கரிக்கிறது என்றால் நீங்களும் நாக்கில் வைத்துப் பாருங்கள். இப்போது நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் முதலாளியின் மகனும் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அன்று குழாயடியில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே வரி. சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சார், ஒரு அலசு போதும் என்று சொன்னது நான்.